பாறைக்குப் பின்னே போனவர்கள்

விடை சொல்லாத படங்கள் நம்மை ஏன் விடுவதே இல்லை?

1896. பாரிஸில் ரோபேர் ஹூதேன் என்ற மாயாஜால அரங்கை நடத்திவந்த ஜார்ஜ் மெலியஸ் ஒரு மேடை வித்தையைப் படம் பிடித்தார். ஒரு பெண் நாற்காலியில் வந்து உட்காருகிறாள். அவள்மேல் துணியைப் போர்த்துகிறார். துணியை உருவினால் ஆளைக் காணோம். ஒரு நிமிடச் சங்கதி, அவ்வளவுதான். பத்து வருடம் முன்பே புவாத்தியே த கோல்டா என்ற வித்தைக்காரர் இதை மேடையில் செய்து பேர் வாங்கியிருந்தார். அவருக்குத் தரையில் ஒரு ரகசியக் கதவு தேவைப்பட்டது. ‘கீழே ஒன்றுமில்லை, பாருங்கள்’ என்று காட்டுவதற்காக விரிக்கும் செய்தித்தாளிலேயே ஒரு திறப்பு தேவைப்பட்டது. மெலியஸுக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. கேமராவை நிறுத்தினார், அந்தம்மாவை எழுந்து போகச் சொன்னார், மறுபடி சுற்றினார். அப்படியும் படத்தில் நாற்காலிக்கு அடியில் செய்தித்தாளை ஒழுங்காக விரித்து வைக்கிறார். தொழில் பழக்கம் லேசில் விடாது!

இந்த உத்தி கைக்கு வந்த கதையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓப்பெரா சதுக்கத்தில் தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது பிலிம் சிக்கி கேமரா நின்றுவிட்டதாம். சரிசெய்து மறுபடி ஓட்டி, பிறகு திரையில் போட்டுப் பார்த்தால், போய்க்கொண்டிருந்த குதிரை பஸ் ஒரே நொடியில் சவ வண்டியாக மாறியிருந்ததாம். நடந்ததோ, நன்றாக இருக்கட்டுமே என்று சொன்னதோ! சினிமா கற்றுக்கொண்ட முதல் வித்தைகளில் ஒன்று ஆளைக் காணாமல் ஆக்குவது என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் மெலியஸ் அந்தப் பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். துணிக்கடியில் முதலில் எலும்புக்கூடு, அப்புறம் அவளே. கும்பிட்டுவிட்டுப் போகிறாள். கொண்டுவராமல் விட்டால் என்ன ஆகும் என்று சினிமா துணிந்து பார்க்க இன்னும் அறுபது எழுபது வருடம் ஆனது.

கொலைப் படத்தில் பிணம் உண்டு. பிணம் இருந்தால் அழலாம், எடுக்கலாம், போலீஸுக்குப் போகலாம். நம் வீடுகளில் சாவுக்கென்று ஒரு கால அட்டவணையே இருக்கிறது. பால் தெளிக்க ஒரு நாள், கருமாதிக்கு ஒரு நாள், வருடா வருடம் திதி. வீட்டை விட்டுப் போய்த் திரும்பாதவருக்கு எந்த நாளில் திதி கொடுப்பது? ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்கிறது சட்டம். 1872-இன் சாட்சியச் சட்டத்தில் இருந்தது, 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. சொத்துக்கும் பென்ஷனுக்கும் அந்த ஏழு வருடம் போதும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து வருகிற அம்மாவுக்கு அது எந்த மூலைக்கு?

அந்த இடத்தில்தான் அமானுஷ்யம் உள்ளே நுழைகிறது. நம் ஊர்களில் ‘மை போட்டுப் பார்ப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, சின்னப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். “என்ன தெரியுது? மரம் தெரியுதா? பக்கத்துல ஆள் நிக்கிறாரா? என்ன சட்டை?” கேட்கக் கேட்கப் பிள்ளைக்கும் ஏதோ தெரிய ஆரம்பிக்கும். சுற்றி நிற்பவர்கள் அந்தக் கறுப்பில் வேண்டியதைப் பார்த்துக்கொள்வார்கள். மறைவுப் படங்களில் எனக்குப் பிடித்தவை எல்லாம் இந்தக் கூட்டத்தைப் படம் பிடித்தவைதான். போனவர் எங்கே என்பதை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றிலையைச் சுற்றி நிற்கும் முகங்களைப் பார்ப்பவை. பேயைப் போனவர் அனுப்புவதில்லை, இருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்த இயக்குநர்கள் எடுத்தவை.

பன்னிரண்டு மணிக்கு நின்ற கடிகாரங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்கு வடமேற்கே எழுபது கிலோமீட்டர் தூரத்தில், மவுண்ட் மாசிடன் பக்கம் ஹேங்கிங் ராக் என்ற பாறைக் குவியல் நிற்கிறது. அறுபது லட்சம் வருடங்களுக்கு முன் கெட்டியான எரிமலைக் குழம்பு மேலெழும்பி இறுகியது. தூண் தூணாகப் பிளந்து, இடையில் சந்து சந்தாக வழி. அந்தச் சந்துகளுக்குள் 1900-ஆம் வருடம், காதலர் தினத்தன்று, ஒரு பள்ளியின் மூன்று மாணவிகளும் ஒரு கணக்கு டீச்சரும் போனார்கள், திரும்பவில்லை என்பது ‘பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்’ கதை. ஜோன் லிண்ட்சேயின் நாவல் 1967-இல் வந்தது. பீட்டர் வியரின் படம் 1975-இல்.

படத்தின் தொடக்கத்தில் ஓர் எழுத்துக் குறிப்பு வரும்: 1900 பிப்ரவரி 14, சனிக்கிழமை, இன்ன பள்ளி மாணவிகள் பிக்னிக் போனார்கள், சிலர் தடயமின்றி மறைந்தார்கள் என்று, போலீஸ் அறிக்கை தோரணையில். இதைப் பார்த்து உண்மைச் சம்பவம் என்று நம்பியவர்கள் ஏராளம். இன்றும் நம்புகிறார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அன்று புதன்கிழமை! அப்படி ஒரு சம்பவமும் கிடையாது. லிண்ட்சே இதை உடைத்துச் சொல்லவே இல்லை. நாவலின் முகப்பிலேயே, நிஜமா கற்பனையா என்று வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார். தன் பக்கத்தில் வந்தால் கடிகாரங்கள் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டவர் அவர். தன் சுயசரிதைக்கே ‘டைம் வித்தவுட் க்ளாக்ஸ்’ என்று பேர் வைத்திருந்தார். கதையிலும் பாறையடியில் கடிகாரங்கள் பன்னிரண்டில் நிற்கின்றன.

வெள்ளை உடை, வெயில், எறும்பு மொய்க்கும் கேக். இதய வடிவக் கேக்கை மிராண்டா என்ற பெண் பெரிய கத்தியால் இரண்டாக வெட்டுகிறாள். நான்கு பெண்கள் பாறைமேல் ஏறுகிறார்கள். காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி ஒரு பிளவுக்குள் போகிறார்கள். ஈடித் என்ற குண்டுப் பெண் மட்டும் அலறிக்கொண்டு கீழே ஓடி வருகிறாள். வரும் வழியில் டீச்சர் மேலே போவதைப் பார்த்தாளாம், பாவாடை இல்லாமல், உள்ளாடையோடு. அதைப் போலீஸ்காரரிடம் சொல்ல அவளுக்கு லேசில் வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இர்மா என்பவள் உயிரோடு கிடைக்கிறாள். எதுவும் ஞாபகம் இல்லை. அவள் அணிந்திருந்த, உடலை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையான கார்செட்டைக் காணோம். அதைக் கவனித்த வேலைக்காரப் பெண்ணை வாயை மூடச் சொல்லிவிடுகிறார்கள். பெண்பிள்ளையின் மானம் பெரிதா, போலீஸுக்குத் துப்பு பெரிதா?

தூர்தர்ஷன் காலத்தில் ‘காணவில்லை’ அறிவிப்பு வருமே, ஞாபகம் இருக்கிறதா? உயரம் ஐந்தடி இரண்டங்குலம், மாநிறம், வீட்டை விட்டுச் செல்லும்போது பச்சைக் கட்டம் போட்ட சட்டை. எல்லாத் தகவலும் கச்சிதமாக இருக்கும், ஆளைத் தவிர. வியரின் படமும் அப்படித்தான் ஓடுகிறது. கையுறை, காலுறை, கார்செட், கடிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. காரணம் மட்டும் இல்லை. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் பாய்ட் கல்யாணப் பெண் முகத்தில் போடும் வலைத்துணியை லென்ஸ்மேல் கட்டி எடுத்தார். பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. நிலநடுக்கத்தின் ஒலிப்பதிவை வேகம் குறைத்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் அடியில் ஓட விட்டார்கள். ஒன்றும் நடக்காத காட்சியில்கூட வயிற்றைப் பிசைவதற்கு அதுதான் காரணம். இருட்டே இல்லாமல், பட்டப்பகலில், ஒரு பேயும் காட்டாமல் எடுத்த பேய்ப் படம் இது.

இந்தப் படத்தில் என்னை உலுக்கிய காட்சி பாறையில் இல்லை. தேறிய பிறகு இர்மா சிவப்பு மேலங்கியோடு பள்ளிக்கு வந்து தோழிகளிடம் விடைபெறுகிறாள். உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாக நிற்கும் பெண்கள் முதலில் முறைக்கிறார்கள். ஒருத்தி நெருங்குகிறாள், இன்னொருத்தி, அப்புறம் மொத்தப் பேரும் அவள்மேல் விழுகிறார்கள். என்ன நடந்தது, மிராண்டா எங்கே, சொல்லு, சொல்லு என்று பிடித்து உலுக்குகிறார்கள். அந்தக் கூடத்தின் சுவரோரம், பிக்னிக்குக்கு அனுப்பப்படாத அநாதைப் பெண் சாராவைக் கூன் நிமிர்த்துவதற்கென்று ஒரு பலகையோடு வார்போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவள் பாட்டுக்கு நிற்கிறாள். பாறை என்ன செய்ததோ தெரியாது. பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது.

அந்தப் பெண்களின் இடத்தில் ரசிகர்களும் இருந்தார்கள். படத்தை அமெரிக்காவில் போட்டுக் காட்டியபோது ஒரு விநியோகஸ்தர், விடையே இல்லாத மர்மத்துக்கு இரண்டு மணி நேரத்தைத் தொலைத்த கடுப்பில் காபிக் கோப்பையைத் திரைமேல் எறிந்ததாக வியரே சொல்லியிருக்கிறார். விடை ஒன்று இருக்கவும் செய்தது! லிண்ட்சே எழுதிய கடைசி அத்தியாயத்தை வெளியிடாமல் விடும்படி பதிப்பகத்தில் யோசனை சொன்னார்கள். அவரும் சம்மதித்தார். 1984-இல் அவர் இறந்தபின், 1987 காதலர் தினத்தன்று அது தனிப் புத்தகமாக வந்தது. அதில் கழற்றி எறிந்த கார்செட்டுகள் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கின்றன. காலம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு உருமாறி, ஒரு துளைக்குள் ஊர்ந்து போகிறார்கள். படித்தால் சப்பென்று இருக்கிறது. எடுத்துவிடச் சொன்ன அந்த எடிட்டருக்குக் கோயில் கட்டலாம். வியரும் 1998-இல் படத்தைத் திருத்தி வெளியிட்டபோது, எல்லா இயக்குநர்களும் செய்வதற்கு மாறாக, ஏழு நிமிடத்தைக் குறைத்தார்.

பாறைக்குப் போகிறவர்கள் இன்றும் உச்சியில் நின்று “மிராண்டா!” என்று கத்துகிறார்களாம். 2017-இல் ஏமி ஸ்பியர்ஸ் என்ற கலைஞர் ‘மிராண்டா மஸ்ட் கோ’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார். அந்தப் பாறை அங்குள்ள பழங்குடி மக்களின் நிலங்கள் சந்திக்கும் இடம், அவர்களுக்குப் புனித இடம். வெள்ளையர் குடியேற்றமும் நோயும் அவர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து விரட்டிவிட்டன. நிஜமாகக் காணாமல் போன அத்தனை பேருக்கு ஒரு குரல் இல்லை, கற்பனையில் காணாமல் போன நான்கு வெள்ளைக்காரப் பெண்களுக்கு இவ்வளவு கூப்பாடா என்பது அவர் கேள்வி. படத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் கேள்விக்குப் பிறகு முன்போல் பார்க்க முடியவில்லை.

விடை தராமல் அடி வாங்கியதில் வியருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1960-இல் மிக்கேலாஞ்சலோ அன்டோனியோனியின் ‘லாவென்ச்சுரா’ கான் விழாவில் திரையிடப்பட்டபோது கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். மறுநாள் இயக்குநர் ரோசலினி உள்ளிட்ட பலர் கையெழுத்துப் போட்டு ஆதரவு அறிக்கை விட்டார்கள். கடைசியில் ஜூரி பரிசும் கிடைத்தது. சிசிலிக்கு வடக்கே லிஸ்கா பியாங்கா என்ற மொட்டைத் தீவில் அன்னா மறைகிறாள். அவள் பையில் ஒரு நாவலும் பைபிளும் இருக்கின்றன. பைபிளைப் பார்த்ததும் அவள் அப்பாவுக்கு நிம்மதி, இதைப் படிக்கிறவள் தற்கொலை செய்துகொள்ள மாட்டாள் என்று. காதலனும் தோழியும் அவளைத் தேடிக் கிளம்பி, தேடத் தேட ஒருவர்மேல் ஒருவர் ஆசைப்பட்டு, அன்னாவை மறந்தே போகிறார்கள். படமும் மறந்துவிடுகிறது. பேயே இல்லாத இந்தப் படத்தில் அதைவிடப் பயங்கரம் இது.

குடித்தால் தெரிந்துவிடும்

விடை வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு டச்சு இயக்குநர் ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-இல் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார். ‘ஸ்போர்லோஸ்’. டிம் கிராபேயின் குறுநாவல் ‘தங்க முட்டை’யிலிருந்து. ரெக்ஸும் சாஸ்கியாவும் விடுமுறைக்கு பிரான்ஸ் போகிறார்கள். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்துகிறார்கள். குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போனவள் வரவில்லை. சனமும் காருமாகத் திருவிழா மாதிரி இருக்கும் இடம். யாரும் எதையும் பார்க்கவில்லை.

யார் செய்தது என்பதைப் படம் சீக்கிரமே சொல்லிவிடுகிறது. ரேமோன் லெமோர்ன் என்ற வேதியியல் ஆசிரியர். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று அளவான குடும்பம். மயக்க மருந்து எத்தனை நிமிடம் வேலை செய்யும் என்று தனக்கே கொடுத்துக் கடிகாரம் பார்க்கிறான். காரில் ஏறு என்று சொல்லும்போது தன் நாடி எப்படித் துடிக்கிறது என்று ஒத்திகை பார்த்துக் குறித்துக்கொள்கிறான். ஊருக்கு வெளியே வாங்கிய வீட்டில் குடும்பத்தோடு விளையாட்டாகக் கத்திப் பார்க்கிறார்கள். பெண் கத்துகிறாள், மனைவி கத்துகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டதா என்று அப்புறம் சாதாரணமாக விசாரித்துக்கொள்கிறான். இந்தச் சிரிப்புக் காட்சிக்கு இணையாக ரத்தம் தெறிக்கும் பத்துப் படங்களில் ஒன்றும் கிடையாது.

மூன்று வருடம் ரெக்ஸ் தேடுகிறான். புதிதாக வந்த காதலியும் போய்விடுகிறாள். கடைசியில் லெமோர்னே வந்து நிற்கிறான். போலீஸிடம் கொடுத்தால் ஆதாரமில்லை, அடித்தால் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது. அவளுக்கு என்ன ஆனதென்று தெரியவேண்டுமா? இந்தக் காபியில் மயக்க மருந்து இருக்கிறது, குடி, அவளுக்கு நடந்தது அப்படியே உனக்கும் நடக்கும். ரெக்ஸ் தவிக்கிறான், ஓடுகிறான், திரும்பி வருகிறான், குடிக்கிறான். கண் விழித்தால் சவப்பெட்டிக்குள். மேலே மண். கையில் ஒரு லைட்டர்.

அமானுஷ்யம் இந்தப் படத்தில் ஒரே ஒரு துளி. காணாமல் போகும் முன் சாஸ்கியா ஒரு கனவைச் சொல்கிறாள். ஒரு தங்க முட்டைக்குள் அடைபட்டு வெட்டவெளியில் மிதக்கிறாள். இந்தமுறை இன்னொரு முட்டையும் வந்ததாம். அந்தத் துளி போதும், இறுதிக் காட்சியில் மொத்தப் படத்தையும் அது கறுப்பாக்கிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து ஹாலிவுட்டில் இதே ஸ்லூய்சரைக் கூப்பிட்டு, ஜெஃப் பிரிட்ஜஸ், கீஃபர் சதர்லேண்ட், சான்ட்ரா புல்லக் என்று நட்சத்திரங்களைப் போட்டு மறுபடி எடுத்தார்கள். அதில் நாயகன் குழியிலிருந்து மீட்கப்படுகிறான், வில்லனுக்கு அடி விழுகிறது. படத்தை ஒருவரும் சீந்தவில்லை. இந்தத் தண்டனையை எந்த நீதிமன்றமும் கொடுத்திருக்க முடியாது.

அமெரிக்கா இந்த வகையில் ஜெயித்தது வேறு வழியில். 1999-இல் ‘ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்’. காட்டுக்குள் படமெடுக்கப் போன மூன்று மாணவர்கள் மறைந்தார்கள், அவர்கள் கேமரா மட்டும் கிடைத்தது என்று கதை. நடிகர்களின் சொந்தப் பேரையே பாத்திரங்களுக்கு வைத்து, காணவில்லை நோட்டீஸ் அச்சடித்து ஒட்டி, நிஜமென்று நம்பவைத்துக் கோடிகளை அள்ளினார்கள். கதாநாயகியின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன என்றால் பாருங்கள். விளம்பரமாக அது சாமர்த்தியம். படமாக, கடைசி ஒரு நிமிடத்தைத் தவிர, எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை.

சுவரில் படிந்த கறை

ஜப்பானில் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு, ஒரு நாள் ஆவியாகப் போய்விடுகிறவர்கள் ஒரு சமூகப் பிரச்சினையாகவே பேசப்பட்ட காலம் உண்டு. ஷோஹெய் இமாமுரா அப்படிப் போன ஒரு பிளாஸ்டிக் விற்பனைப் பிரதிநிதியைத் தேடி 1967-இல் ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினார். ‘எ மேன் வேனிஷஸ்’ என்று உலகம் அறிந்த படம். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக விசாரிக்கிறார்கள். போகப் போக அவளுக்கு அவன் ஞாபகம் தேய்கிறது. விசாரிக்கக் கூடவரும் நடிகர்மேல் மனம் போகிறது. ஒரு கட்டத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இமாமுரா குரல் கொடுக்கிறார். அறையின் சுவர்கள் பெயர்ந்து விலகுகின்றன. அது ஸ்டுடியோவுக்குள் போட்ட செட்! எது உண்மை என்று சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லை. காணாமல் போனவனை எப்போதோ எல்லோரும் மறந்தாயிற்று. ‘லாவென்ச்சுரா’வின் கதை நிஜ மனிதர்களுக்கே நடந்ததுபோல் இருக்கிறது.

2001-இல் கியோஷி குரோசாவா எடுத்த ‘கைரோ’வை ஆங்கிலத்தில் ‘பல்ஸ்’ என்ற பேரில் பார்த்திருப்பீர்கள். அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவில்லை. டயல்-அப் இணையம் கிர்ரென்று சத்தம்போட்டு இணைகிற காலம். ஆவிகளின் உலகம் நிரம்பி வழிந்து, இணையத்தின் வழியாக இங்கே கசிகிறது. சிவப்பு டேப் ஒட்டி அடைத்த கதவுகளை யாரோ திறக்கிறார்கள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஒடுங்கி, சுவரோரம் நிற்கிறார்கள், அடுத்தமுறை அந்த இடத்தில் ஆள் இல்லை. ஆளுயரக் கறுப்புக் கறை மட்டும். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கல்படியில் பதிந்த மனித நிழலை அறிந்தவர்களுக்கு அந்தக் கறை எங்கிருந்து வருகிறதென்று சொல்லவேண்டியதில்லை.

இந்தப் பேய்கள் யாரையும் கொல்வதில்லை. சாவு என்பது முடிவே இல்லாத தனிமை என்று சொல்லிவிட்டுப் போகின்றன, அவ்வளவுதான். கேட்டவர்கள் தாமாகவே கரைந்துபோகிறார்கள். டோக்கியோ கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது. வகுப்பில் ஆள் குறைகிறது, தெருவில் கார் குறைகிறது. யாரும் பெரிதாகத் தேடுவதும் இல்லை. மற்ற படங்களில் காணாமல் போனவருக்காகத் தவிக்க ஒரு ஆளாவது இருக்கும். தேட ஆளில்லாமல் ஒரு ஊரே மறைவதை ‘கைரோ’வில்தான் பார்த்தேன். இருபது வருடம் கழித்து, ஊரடங்கில் எல்லோரும் ஒரு திரைக்கு முன் உட்கார்ந்திருந்தபோது இந்தப் படத்தைப் பலர் மறுபடி தேடிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

சுந்தரம் எங்கே?

நம் பக்கம் வருவோம். தமிழ் சினிமாவுக்கு விடை இல்லாத மறைவு ஆகிவராது. இடைவேளை வரை எவ்வளவு வேண்டுமானாலும் புகை விடலாம், க்ளைமாக்ஸில் யாராவது வந்து பிளாஷ்பேக் சொல்லியாக வேண்டும். ‘வோ கௌன் தீ’யைத் தழுவி 1966-இல் வந்த ‘யார் நீ?’யில் வெள்ளைப் புடவைப் பெண் தோன்றித் தோன்றி மறைவாள். கடைசியில் இரட்டைப் பிறவி, சொத்துச் சதி. 2012-இல் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ இந்தப் பழக்கத்தையே ஆயுதமாக்கியது. பங்களாவுக்குள் மாட்டிக்கொண்ட மைக்கேல், காணாமல் போன அனு, டார்ச் வெளிச்சத்தில் அந்த நீளமான இரவு. எல்லாம் முடிந்ததும், வைரத்துக்காக அவன் கட்டிய கதை என்று தெரிகிறது. விடை கேட்கும் நம் பசிக்கு ஒரு விடையைக் கொடுத்து நம் தலையிலேயே குட்டினார் இயக்குநர். அதிலும் குறும்பு, அவிழ்த்த முடிச்சுக்கு அப்பால் கடைசி நொடியில் இன்னொரு வீட்டுக்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் வருடக்கணக்கில் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்டில் இந்தக் கதையைப் பொழுதுபோக்காகச் சொல்ல முடியாது. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) சிங்களப் படம். போரில் இறந்ததாகச் சொல்லி ராணுவத்தினன் ஒருவனின் உடலை சீல் வைத்த பெட்டியில் அனுப்புகிறார்கள். பார்வையில்லாத அப்பா நம்பவில்லை. நிவாரணப் பணத்துக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார். ஊரும் குடும்பமும் பணம் வேண்டுமே என்று நெருக்குகிறது. கிழவர் மண்வெட்டியோடு போய்க் குழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் மகன் இல்லை. ஜோ அபேவிக்ரம அந்தக் கிழவராக நடித்ததைப் பார்த்தால் மற்ற நடிப்பெல்லாம் கொஞ்சம் சத்தமாகத் தோன்றும். 2000-இல் அரசு படத்தைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் வெளியிட முடிந்தது. இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கத் துணிந்த ஒருவரைத்தான் ஊரே பேய் பிடித்தவர்போல் பார்க்கிறது.

தமிழ் மண்ணில், பாதிக்குமேல் தமிழிலேயே பேசி, மலையாளத்தில் ஒரு படம் வந்தது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2022 டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவில் காட்டி, 2023 ஜனவரியில் வெளியானது. கேரள அரசின் சிறந்த படம், மம்மூட்டிக்குச் சிறந்த நடிகர். வேளாங்கண்ணி போய்விட்டு வேனில் திரும்பும் மலையாளிக் கூட்டம், ஒரு நாடகக் குழு. சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் கண்ணசந்திருக்க, ஜேம்ஸ் (மம்மூட்டி) வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். தமிழ்ப் பாட்டும் பிடிக்காது, தமிழ்நாட்டுச் சாப்பாடும் பிடிக்காது என்று முணுமுணுத்தவர். ஒரு வீட்டுக்குள் தன் வீடு மாதிரி நுழைகிறார், கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டுகிறார், மாட்டைக் கவனிக்கிறார், பேசுவது சுத்தமான அந்த ஊர்த் தமிழ். அந்த வீட்டு மனிதர் சுந்தரம் காணாமல் போய் இரண்டு வருடம்.

தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசையாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது, திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற பெரியவர் மாதிரி. பின்னணி இசை என்று தனியாக இல்லை. ஊரின் டி.வி.யிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் நம்பமுடியாததைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டில் யாருக்கோ சிவாஜி சவால் விடுகிறார்!

வீட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் பாருங்கள். சுந்தரத்தின் அம்மாவுக்குக் கண் தெரியாது. சுவரில் சாய்ந்து டி.வி. கேட்டுக்கொண்டிருப்பவர். வந்தவர் குரல் கேட்டதும் அவருக்கு மகன் வந்தாயிற்று, வேறு கேள்வியே இல்லை. மனைவி பூங்குழலிக்கு அப்படி முடியாது. முகம் வேறு, நடை அதே. ரம்யா பாண்டியன் பாதிப் படத்துக்கு ஒரு வார்த்தை பேசாமல் தூணோரம் நின்றே அதைச் சொல்லிவிடுகிறார். தாலி கழுத்தில் இருக்கிறது, கட்டியவன் இல்லை. இப்போது அவன் பேச்சோடும் கோபத்தோடும் வேறொருத்தியின் புருஷன் முற்றத்தில் நிற்கிறான். அந்த வேறொருத்தி, ஜேம்ஸின் மனைவி சாலி, அவளும் அங்கேயே நிற்கிறாள். ஒருத்திக்குக் கணவன் வந்தது, இன்னொருத்திக்குக் கணவன் போனது, இரண்டும் ஒரே ஆளால், ஒரே வாசலில். ஊர்க்காரர்களுக்கு ஆத்திரம், அப்புறம் பரிதாபம், அப்புறம் என்ன செய்வதென்றே தெரியாத திகைப்பு. போலீஸுக்குப் போவதா, கோடாங்கியைக் கூப்பிடுவதா?

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் தூங்குகிறார். எழுந்தால் ஜேம்ஸ். வேன் கிளம்பிவிடுகிறது. படம் வந்த சமயத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே விவாதம்: ஜேம்ஸுக்குள் வந்தது ஆவியா, கனவா, மனப்பிளவா, வேனுக்குள் இருந்த நாடகக் குழுவின் நாடகமா? தொடக்கத்தில் லாட்ஜில் உறக்கத்தையும் சாவையும் பற்றி ஒரு குறளுக்கு விளக்கம் சொல்வார்களே, அதில் சாவி இருக்கிறதா? ஆளுக்கொரு தியரி, அத்தனையும் ஜேம்ஸைப் பற்றி. மூவாற்றுப்புழைக்கு அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார், கவலையில்லை. இரண்டு வருடம் முன்பு அந்த வீட்டிலிருந்து கிளம்பிய சுந்தரம் என்ன ஆனார் என்பதைப் படமும் சொல்லவில்லை, தியேட்டரை விட்டு வந்த யாரும் கேட்டதாகவும் நினைவில்லை. பூங்குழலிக்கு அந்தக் கேஸ் இன்னும் முடியவில்லை. சட்டப்படி பார்த்தாலும் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.